என் வலது கை வாய்க்கு வந்த கதை

கடையநல்லூரில் என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். நிக்காஹ் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் கல்யாணச் சாப்பாடு என்றால் சஹன்தான். பெரிய வட்டத் தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் கொட்டி நடுவில் வைப்பார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அள்ளிச் சாப்பிடுவோம். எச்சில், பத்து என்று பார்க்கிற வழக்கம் அங்கே கிடையாது.

பிஸ்மி சொல்லிக் கை வைத்தேன். சோற்றைப் பிசைய முடிந்தது. அள்ளவும் முடிந்தது. வாய்க்குக் கொண்டு போகும்போது கை பாதி வழியில் உள்பக்கமாகச் சரிந்து என் வயிற்றில் வந்து விழுந்தது. மறுபடியும் முயன்றேன். இந்த முறை முழங்கையை மேலே தூக்கி, வாயைக் கைக்குக் கொண்டு போகப் பார்த்தேன். முழங்கை பக்கத்தில் இருந்தவரின் தாடையில் இடித்தது. சோறு அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது. அவர் பெண் வீட்டுக்காரர். நல்ல மனிதர்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டிவிட்டுக் கொண்டார்.

யாரோ பின்னால் திரும்பி, "ஏ, ஒரு ஸ்பூன் கொண்டாங்கப்பா" என்று சத்தம் போட்டார்கள். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. உண்மையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கறி நன்றாக இருந்ததாம்.  வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் போல நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிடவில்லை. நிக்காஹ் முடிந்ததும் துஆவுக்கு ஆமீன் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

நம் ஜமாஅத் மலருக்காகப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் இதை எழுதச் சொன்னார்கள். எனக்கு உருக்கமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் யூசுப். சங்கரன்கோவில் பஜாரில் பாத்திரக் கடை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பாத்திரக் கடைக்காரனுடைய தோளுக்கு ஓய்வே கிடையாது. அண்டா, குத்துப்போணி, இட்லிக் கொப்பரை எல்லாம் தலைக்கு மேலே கொக்கியில் தொங்கும். வாடிக்கையாளர் விரல் நீட்டினால் கம்பை எடுத்து இறக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் ஏற்ற வேண்டும். அதிலேயே தோள் பல வருடமாக வலித்துக் கொண்டிருந்தது. எண்ணெய் தேய்ப்பேன், வெந்நீர் ஊற்றுவேன், ஒரு மாத்திரை போடுவேன், சரியாகப் போகும். அந்தக் கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் ஸ்டூல் சாய்ந்து, வலது கையை ஊன்றி விழுந்தேன். அதற்கப்புறம் எண்ணெயும் கேட்கவில்லை, மாத்திரையும் கேட்கவில்லை.

கை முழங்கை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. விரல் வேலை செய்யும், கையெழுத்துப் போடும். ஆனால் மேலே போகாது. வெளிப்பக்கமும் திரும்பாது. இடது கையால் வலது கையைத் தூக்கி வைத்துவிட்டு விட்டால், அது பொத்தென்று விழும். தொழுகையைத் தொடங்கக் கை உயர்த்தித் தக்பீர் கட்டும்போது இடது கை மட்டும் காது வரைக்கும் போகும். வலது கை தொடையோடு நிற்கும். தொழுமுன் தண்ணீரால் ஒளு செய்ய, முகம் கழுவ, சட்டை போட எல்லாவற்றுக்கும் என் மனைவி ரைஹானா வர வேண்டும்.

இடது கையால் சாப்பிடலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். முடியாதவருக்குத் தடை இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார்கள். மார்க்கம் இடம் கொடுத்துவிட்டது. என் மனசு கொடுக்கவில்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே, கதவைப் பார்த்தபடி சாப்பிட்டேன். யாராவது வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். கோபம் அதிகமாகியது. கடையில் மச்சான் காதரிடம், அதாவது ரைஹானாவின் தம்பியிடம், காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவன் பாட்டுக்கு ஷட்டரைத் துடைப்பான். அது எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கும்.

அந்த நாட்களில் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஒரே துஆதான் கேட்பேன். "யா அல்லாஹ், என் வலது கை என் வாய்க்கு வரட்டும். தக்பீருக்குக் கொஞ்சம் உயரட்டும்." வேறு எதையும் சேர்க்கவில்லை. பெரிதாகக் கேட்கவே பயமாக இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடும். அழுதால் கண்ணைத் துடைக்கவும் இடது கைதான்.

சவூதியில் இருக்கிற மகன் விசாரித்து, மதுரையில் ஒரு எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னான். போனோம். அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என் கையைத் தூக்கி விட்டார், விழுந்தது. முன்கையை வெளியே திருப்பி வைத்து விட்டார், அதுவும் வயிற்றுக்கே திரும்பி வந்தது.

"தோளைச் சுத்தி இருக்கிற தசைநார் கிழிஞ்சு, சுருங்கிப் போச்சுங்க. இனிமே தைக்க முடியாது. மூட்டும் தேஞ்சிருச்சு" என்றார். "செயற்கை மூட்டு வைக்கலாம். இயற்கையில கையெலும்புல பந்து இருக்கும், தோள்பட்டையில கிண்ணம் இருக்கும். அதை நாங்க இடம் மாத்தி வைப்போம். பந்து மேலே, கிண்ணம் கீழே. அப்படி வச்சா, மிச்சம் இருக்கிற பெரிய தசையே கையைத் தூக்கிரும்."

"அப்ப வாய்க்கு வந்திருமா டாக்டர்?"

"தூக்கும். ஆனா வெளியே திருப்புறதுக்கு உங்களுக்குத் தசை இல்லை. திரும்பலைன்னா வாய்க்குப் போற வழியில மறுபடியும் உள்ளே சரியும். அதனால முதுகுல இருக்கிற ஒரு தசையோட நாரை எடுத்து, கையெலும்பைச் சுத்திக் கொண்டுவந்து வெளிப்பக்கம் கட்டணும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யலாம்."

எவ்வளவு பலன் கிடைக்கும் என்று கேட்டேன். கடைக்காரன் புத்தி. அவர் மழுப்பவில்லை. வாய்க்கு வரும் என்று நம்புவதாகவும், தலைக்கு மேலே எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். முதுகுத் தசையை எடுப்பதால் கை பின்பக்கம் போவது குறையுமாம். கிருமி சேரலாம், மூட்டு விலகலாம். எல்லாம் சரியாக நடந்தாலும், சிலருக்கு அந்தத் தசை புது வேலையைக் கற்றுக்கொள்ளவே செய்யாது என்றார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பிடிபடவில்லை. தசை எதைக் கற்றுக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து ரைஹானாவிடம், "வேண்டாம், இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றேன்.

"ஒங்களுக்கு என்ன, இருந்துருவீங்க. ஒளு செஞ்சி விடுதது நானுல்லா?" என்றாள் அவள். பிறகு, "நெதமும் துஆ கேக்குதீங்க. குடுக்க வரும்போது கதவ சாத்துனா எப்படி?" என்றாள். திரும்ப உள்ளே போனோம். தேதி வாங்கினோம்.

ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பு, ரஜப் மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே போகும்போது ஓதிக்கொண்டே போனேன், விழித்தபோது வலியைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை. கையை உடம்போடு கட்டவில்லை. உடம்பை விட்டுத் தள்ளி, முன்கை வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு பெரிய பட்டையைப் போட்டுவிட்டார்கள். வாரக்கணக்கில் அதோடுதான் இருக்க வேண்டும். பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது வழக்கம். இந்தக் கையோடு யாரும் என் பக்கத்தில் நிற்க முடியாது. அதனால் தொழுகை வரிசையான ஸஃப்பின் வலது ஓரத்தில், சுவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். யாருக்கோ வழி காட்டுகிறவன் மாதிரி இருந்திருக்கும். காதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து ருகூஉக்குப் போனதை நானே பார்த்தேன்.

ரமலான் பிறந்தபோது பட்டையைக் கழற்றிவிட்டார்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை ரைஹானாதான் வாயில் வைத்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மருந்துக் கடை மாடியில் செல்வி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பெண். என் மகள் வயசு இருக்கும். மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அவர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளியே திருப்ப வேண்டும். வீட்டிலும் காலை மாலை செய்ய வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எப்படியும் தொழுகைக்குத் தொழுகை கையைத் தூக்கப் போகிறோம், ரமலானில் ராத்திரித் தொழுகை தராவீஹ் வேறு இருக்கிறது, அதற்கு மேல் கூடுதலாக நஃபிலும் தொழுதால் கைக்குக் கை, நன்மைக்கு நன்மை என்று முடிவு செய்தேன். செல்வி சொன்னதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தக்பீருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிற மாதிரியும் தெரிந்தது. அல்லாஹ் வழி திறந்துவிட்டான் என்று ரைஹானாவிடம் சொன்னேன்.

பெருநாள் முடிந்து செல்வியிடம் போனேன். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். அவர் முகம் மலரவில்லை.

"பாய், வீட்டுல நான் சொன்னதச் செய்யுதீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"அதவிட ஜாஸ்தியாச் செய்யுதேன்மா" என்று தராவீஹ் கணக்கைச் சொன்னேன்.

"அதான பாத்தேன். நீங்க கையத் தூக்கல, தோளக் குலுக்குதீங்க. கழுத்துத் தசைதான் மாஞ்சி மாஞ்சி வேலை செய்யுது. நான் சொன்ன தசை நல்லாத் தூங்கிட்டிருக்கு." என் அக்குளுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சாமி கும்பிடுதது வேற, எக்சர்சைஸ் வேற பாய். ஒண்ணச் செஞ்சிட்டு இன்னொண்ணுல கழிக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. தொழுகையைப் பற்றி இந்தப் பெண் என்ன பேசுவது என்று நினைத்தேன். ஆனால் என் முன்கை இன்னும் வயிற்றுக்கே திரும்பி வந்து கொண்டிருந்தது. கோபப்பட்டு என்ன செய்ய?

அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "அந்தத் தசைக்கு எடம் மாறுனதே இன்னும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச வேலை கையக் கீழ இழுக்கது, பின்னால இழுக்கது. நீங்க தூக்கணும் தூக்கணும்னு நெனச்சா அதுக்கு வெளங்காது. கீழ இழுக்கணும்னு நெனைங்க. அது இழுக்கும். இப்ப வேற எடத்துல கட்டியிருக்கதால கை வெளிய திரும்பும். கிணத்துல தண்ணி எறச்சிருக்கீங்களா?"

"எங்க வீட்டுல குழாய்தான்மா."

"வேற என்னத்தையாவது ஆயுசு முழுக்க மேலருந்து கீழ இழுத்திருக்கீங்களா?"

யோசித்தேன். "ஷட்டர்."

நம் பஜாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழப் போவது எங்கள் வழக்கம். முழுக்க இறக்கினால் கடை அடைத்தாயிற்று என்று அர்த்தம். பாதி இறக்கினால் பாய் தொழப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று அர்த்தம். குருவிகுளத்திலிருந்து சாமான் வாங்க வருகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரிக்குக் கூட இது தெரியும். படியில் உட்கார்ந்து காத்திருப்பார். லுஹருக்கு, அஸருக்கு, மஃரிபுக்கு, இஷாவுக்கு என்று, கடை வைத்த நாளிலிருந்து அந்த ஷட்டரை வலது கையால் எட்டிப் பிடித்து இழுத்தவன் நான்தான். விழுந்ததற்கு அப்புறம்தான் காதர் இழுக்கிறான்.

"அப்ப ஷட்டர இழுங்க. மனசுலயே இழுங்க" என்றார் செல்வி.

இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் போய் இழுத்தேன். அதற்கு மறுநாளும். கண்ணை மூடிக்கொண்டு இல்லாத ஷட்டரை இழுக்கிற கிழவனைப் பார்த்து, அடுத்த பெஞ்சில் முழங்காலுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிலருக்குக் கற்றுக்கொள்ளாது என்று மதுரை டாக்டர் சொன்னது அடிக்கடி ஞாபகம் வந்தது. துஆவில் கூட வார்த்தை வரவில்லை. கையேந்தி உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் மாலை. செல்வி என் முதுகுப் பக்கம் கையை வைத்துக்கொண்டு, இழுங்க, விடுங்க என்று சொல்லிக் கொண்டிருந்தார். எனக்கு அலுத்துவிட்டது. இழுக்கிற மாதிரி பேருக்குத் தலையை ஆட்டிக் கொண்டிருந்தேன். அப்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. இதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அல்லாஹு அக்பர் என்ற சத்தம் காதில் விழுந்ததும், கடையில் இருக்கிற நினைப்பில் உடம்பு முந்திக்கொண்டது. அக்குளுக்குப் பின்னால் ஏதோ ஒன்று துள்ளியது. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, என் முன்கை கதவு திறக்கிற மாதிரி வெளிப்பக்கம் போனது. போய் நின்றது. விழவில்லை.

"பாய், அசையாதீங்க" என்றார் செல்வி. "வந்துட்டு. தசை வந்துட்டு பாய்! இப்ப என்ன நெனச்சீங்க? அதையே திரும்ப நெனைங்க."

"ஒண்ணும் நெனைக்கலம்மா. பாங்கு சொன்னாங்க."

 செல்வி ஜன்னல் பக்கம் பார்த்தார். பாங்கு முடிகிற வரைக்கும் என் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "நாளையிலருந்து இதே நேரத்துக்கு வாங்க" என்றார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். முழங்கால் அம்மாள் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நாள்தோறும் அஸர் பாங்கு செல்வியின் அறையில்தான். பள்ளிவாசலுக்கு ஓடிக் கூட்டாகத் தொழும் ஜமாஅத்தைப் பிடித்துவிடுவேன். முதலில் பாங்கு கேட்டால்தான் தசை வரும். பிறகு பாங்கை நினைத்தால் வந்தது. பிறகு நினைக்காமலே வந்தது. டாக்டரிடம் சொன்னபோது, "பழகின அசைவு சீக்கிரம் திரும்ப வரும், அது இயல்புதான்" என்றார். இயல்புதான், நான் மறுக்கவில்லை. அந்த இயல்பை வைத்தது யார் என்று நான் அவரைக் கேட்கவில்லை. வெளியே நிறைய நோயாளிகள் காத்திருந்தார்கள்.

நான் கையைக் கேட்டுக் கெஞ்சியது ஒரு வருடம். அதற்கு எத்தனையோ வருடம் முன்னாலிருந்தே, வேளைக்கு வேளை பாங்கைக் கேட்டு அந்தத் தசை தன் வேலையைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறது. நான் ஷட்டர் இறக்குவதாக மட்டும் நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு ஒரு மத்தியானம், ரைஹானா ஸ்பூன் வைக்க மறந்துவிட்டாள். மறந்தாளா, வேண்டுமென்றே வைக்கவில்லையா என்று இன்று வரைக்கும் அவள் சொல்லவில்லை. ரசஞ்சோறு. பிஸ்மி சொல்லி வலது கையால் அள்ளினேன். கை மெதுவாக உயர்ந்தது, வெளியே திரும்பியது, வாய்க்கு வந்தது. கீழே ஒரு பருக்கை சிந்தவில்லை என்று சொன்னால் பொய். பாதி மடியில்தான் விழுந்தது. மிச்சம் வாய்க்குள் போனது. அந்தச் சோற்றின் ருசியை எனக்கு எழுதத் தெரியவில்லை. ரைஹானா தலையைக் குனிந்து தன் தட்டையே பார்த்துக் கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது எப்படி இருக்கிறது என்று எல்லாரும் கேட்கிறீர்கள். சாப்பிடுகிறேன். முகம் கழுவுகிறேன், தொப்பி போடுகிறேன், சட்டைப் பித்தான் போடுகிறேன். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் வலி இல்லை. தலைக்கு மேலே கை போகாது, அதனால் கொக்கிக் கம்பு காதரிடமே இருக்கிறது. அவனிடம் எரிந்து விழுவதையும் நிறுத்திவிட்டேன். தரையில் நெற்றி வைக்கிற சுஜூதிலிருந்து எழும்போது இடது கையை மட்டும் ஊன்றுகிறேன், வலதில் பாரம் போடக் கூடாது. டாக்டர் சொன்ன மாதிரியே கை பின்னால் போவதில்லை. கைலியைப் பின்பக்கம் இழுத்துவிட முடியாது. முதுகில் சோப்புப் போட முடியாது, அரித்தால் சொறிய முடியாது. அதற்கு ரைஹானாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் கூப்பிடும்போது அவமானமாக இருக்கும், இப்போது அப்படி இல்லை. முதுகில் கொஞ்சத்தை எடுத்து அல்லாஹ் வாய்க்குக் கொடுத்திருக்கிறான். இந்த வியாபாரத்தில் எனக்கு நஷ்டம் இல்லை.

நம் ஜமாஅத்திலும் சுற்று ஊர்களிலும் பந்திக்கு வராமல் போகிறவர்கள் இருப்பார்கள். கையோ காலோ கண்ணோ, எதையாவது மறைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி சாப்பிடுகிறவர்கள். உங்களிடம்தான் சொல்கிறேன். டாக்டரிடம் போங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்யுங்கள், என்னைப் போலக் குறுக்கு வழி தேடாதீர்கள். துஆவையும் விடாதீர்கள். கேட்டது கேட்ட அளவில் வராமல் இருக்கலாம். வருவது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மஃரிபுக்கு என் பக்கத்தில் ஒரு வெளியூர் இளைஞர் நின்று தொழுதார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் என் பக்கம் சாய்ந்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. தக்பீர் கட்டும்போது ரெண்டு கையும் சமமா காது வரைக்கும் போகணும். ஒங்க வலது கை தோளோட நின்னுருது."

"தெரியும் தம்பி. அந்தத் தோள் வரைக்கும் வரணும்னு கேட்டுத்தான் ஒரு வருசம் அழுதேன்" என்றேன்.

அவர் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குமேல் சொல்ல நேரமில்லை, அடுத்த சுன்னத்துத் தொழுகைக்கு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்தேன். இடது கையைக் காது வரைக்கும், வலது கையைத் தோள் வரைக்கும் உயர்த்தி, அல்லாஹு அக்பர் என்றேன்.